ஒரு தோளில் மட்டும்

“நான் சொல்லி முடிக்க விடுமன். கோபிகா நாலு மணிக்கு வந்து படத்தைக் கொண்டு போறாள், திங்கட்கிழமைக்கு முன்னம் அது சஞ்சிகைக்குப் போய்ச் சேரோணும்…”

“திங்கள் வரட்டும், செவ்வாய் வரட்டும். நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. ஆர் முதல் கண்டது?”

“…சேராட்டில் இந்த இதழிலை வராது எண்டு அண்டைக்கே சொன்னனான். என்னத்தை ஆர் கண்டது?”

“சுணையை.”

“எந்தச் சுணையை?”

“பாத்தியளோ. எந்தச் சுணை எண்டு கேட்கிறியள்.”

மார்க்கண்டு இடியப்பத்தில் ஊற்றப்போன சொதிக் கரண்டியை அப்படியே பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அவருக்கு எழுபத்தொரு வயது. திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதிரே இருந்த அருந்ததிக்கு அறுபத்தேழு. மானிப்பாயில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருடம் சித்திரம் படிப்பித்தவள். பின்னேரங்களில் அவர் கொண்டு வருகிற செடிகளையெல்லாம் மையினால் படமாகக் கீறிக் கொடுத்தவளும் அவள்தான். அவருடைய கட்டுரைகளில் வந்த படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் வலது மூலையிலும், கண் வைத்துத் தேடினால் தெரிகிற அளவில் ஒரு ‘அ’ இருக்கும்.

“மூங்கில் மடலிலை மயிர் மாதிரி நிக்கிற சுணையைச் சொல்லுறீரோ? அது கோபிகா கண்டது. உமக்குத் தெரியாதே? அவளுக்குக் கண் இருக்கு.”

“அவள் உங்களைச் சொல்லுறாள்.”

“அது மரியாதைக்குச் சொல்லுறது.”

“அப்ப நீங்கள் அவளைச் சொல்லுறது?”

“நான் உள்ளதைச் சொல்லுறன். சொதி ஆறுது, சாப்பிடும்.”

அவர் பொய் சொல்லவில்லை என்பது அருந்ததிக்குத் தெரியும். பொய் சொன்னால் அவருக்கு இடது கண் துடிக்கும். இப்போது அது துடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. பொய்யென்றால் ஒரு பாடு சண்டை பிடித்து ஓய்ந்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் அந்த மூங்கில் வீட்டுக்கு வந்தது. மலைநாட்டில், எப்போதும் முகில் மூடிக் கிடக்கிற ஒரு முகட்டில் கோபிகா அதைக் கண்டிருந்தாள். இடுப்பளவு உயரம், சுண்டுவிரல் பருமன். பார்த்தவர்கள் எல்லாரும் பழைய இனம் ஒன்றின் பேரைச் சொல்லி, அதுதான் இது என்று விட்டுவிட்டிருந்தார்கள். கோபிகாவுக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. பழைய செய்தித்தாள்களுக்கிடையில் வைத்து அமத்தி, மட்டைப் பெட்டியில் கட்டி, இரவு பஸ்ஸில் தன் பழைய ஆசிரியருக்கு அனுப்பியிருந்தாள். அருந்ததி ஒரு மடலை எடுத்து, செடிகளுக்கென்றே வைத்திருக்கும் அலுமினியச் சட்டியில் இளஞ்சுடுதண்ணீர் விட்டு ஊறப்போட்டாள். முளைத்து வருகிற மூங்கிலைச் சுற்றி உறை போல இருப்பது மடல். காய்ந்து சுருண்டு கிடந்த அது, தண்ணீரில் மெல்ல விரிந்து கொடுத்தது. சாப்பாட்டு மேசையில், யன்னல் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். மடலின் மேல்பக்கம், இரண்டு தோள்கள் மாதிரி இருக்கிற இடத்தில், இடது தோளில் சின்னச் சுணைகள் ஏழு வளைந்து நின்றன. வலது தோள் மொட்டையாக இருந்தது.

“இஞ்சாருங்கோ, இதிலை ஒரு பக்கம் மட்டும் சுணை கிடக்கு.”

“மற்றப் பக்கம் உடைஞ்சிருக்கும்,” என்றார் மார்க்கண்டு, வானொலிச் செய்தியிலிருந்து காதை எடுக்காமல்.

உடைந்த சுணைக்கு அடி இருக்கும். மழித்த நாடியில் தெரிகிற மாதிரிக் குத்துக்குத்தாகத் தெரியும். இதில் ஒன்றும் இல்லை. அவள் இன்னும் நாலு மடல்களை ஊறப்போட்டாள். நாலிலும் அதே இடது தோள். பிறகுதான் அவர் எழும்பி வந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். மற்ற மடல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். போனை எடுத்து, “பிள்ளை, உன்னட்டைக் கிடக்கிற மடலுகளிலை சுணை ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ எண்டு ஒருக்காப் பார்,” என்றார். பத்து நிமிடத்தில் கோபிகாவின் குரல் மேசை வரைக்கும் கேட்டது. “சேர், ஒரு பக்கம்தான் சேர், எல்லாத்திலையும் ஒரு பக்கம்தான்.”

அந்தக் குரல்தான் அவர் தலைக்குள் தங்கிவிட்டது. கோபிகாவுக்கோ சேர் போன் எடுத்துக் கேட்ட கேள்வி தங்கிவிட்டது. போன புதன்கிழமை வளாகத்து மண்டபத்தில் கோபிகா பேசும்போது, “இந்த மூங்கில் புது இனம் எண்டதுக்குச் சாட்சி இந்த ஒரு பக்கச் சுணைதான். அதைக் கண்டது எங்கடை சேர்,” என்றாள். முன் கதிரையில் இருந்த மார்க்கண்டு எழும்பித் திரும்பி நின்று, “இல்லை, இல்லை, அது பிள்ளையின்ரை கண்,” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த அருந்ததியும் தட்டினாள். அவர்கள் இருவரும் ஒரு பந்தை ஒருவருக்கொருவர் போட்டு விளையாடுவது போலவும், பந்து தன்னுடையது என்று இந்த வயதில் எழும்பிச் சொல்வது எப்படி என்று தெரியாமல் தான் இருப்பது போலவும் அவளுக்குப் பட்டது.

மூங்கிலைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். காட்டு இலாகாவுக்கு நன்றி. ஜீப் ஓடிய சுதாகரனுக்கு நன்றி. படத்துக்குத் திருமதி மார்க்கண்டுவுக்கு நன்றி. மலையடிவாரத்தில் சமைத்துப் போட்ட தம்பிராசாவுக்கு நன்றி. சாரதிக்கும் சமையல்காரருக்கும் சொந்தப் பேர் இருந்தது.

“படத்தை ஒருக்காக் காட்டுமன்,” என்றார் மார்க்கண்டு, கை கழுவிக்கொண்டு வந்து. சண்டை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார்.

“பிள்ளை வரட்டும். இரண்டு பேருமாய்ச் சேந்து பாருங்கோ.”

படம் மேசை லாச்சிக்குள் இருந்தது. நேற்று மத்தியானம் முடித்தது. பென்சிலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏழு சுணையும் அதனதன் வளைவோடு நின்றன. மை போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே வந்தாள். வேர், கணு, இலை, இலையின் அடி. மடலின் தோளுக்கு வந்தபோது பேனை நின்றது. பிறகு போடலாம் என்று நிழல் புள்ளிகளுக்குப் போனாள். புள்ளி வைக்கிற வேலை கையினுடையது, மனம் எங்கேயும் போகலாம். மனம் மண்டபத்துக்குப் போனது, கைதட்டலுக்குப் போனது, “பிள்ளையின்ரை கண்” என்ற சொல்லில் போய் இருந்தது. கலியாணம் முடித்த வருடம் அவளுடைய முதல் படத்தைப் பார்த்துவிட்டு, “உமக்குக் கண் இருக்கு,” என்று அவர் சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் வேறு எவருக்கும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. மடலுக்குத் திரும்பி வந்தபோது பேனையை வைத்துவிட்டு அழிறப்பரை எடுத்தாள். பென்சிலில் நின்ற ஏழு சுணையையும் அழித்தாள். தூசியை ஊதிவிட்டாள். மூலையில் ‘அ’ போட்டாள்.

கண் இருக்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

அவளுடைய பொறாமை ஊர் நினைக்கிற மாதிரியான பொறாமை அல்ல. அப்படி ஒன்று என்றால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். கோபிகாவுக்கு முப்பத்திநாலு வயது. மார்க்கண்டுவோ காலையில் கால் விரல்களை மடக்கி நிமிர்த்தாமல் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். அருந்ததிக்குப் பொறாமை மலையில். நூறு செடி கீறியிருக்கிறாள். அவற்றில் நின்ற நிலையில் பார்த்தது இருபதுகூட இல்லை. மாணவர்களோடு ரயிலேறி மலைக்குப் போனது அவர். திரும்பி வந்து செடிகள் வைத்த ஈரக் கடதாசிகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனது அவர். அவளிடம் வந்தவை எல்லாம் செத்துத் தட்டையானவை. அதிலிருந்து எழுப்பி நிறுத்துவதுதான் அவள் வேலை. போரில் பாதை பூட்டியிருந்த வருடங்களில் மட்டும் அவர் எங்கும் போகவில்லை. சைக்கிளில் அவளையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கும் புல்தரவைக்கும் போவார். இருவரும் ஒரே புல்லுக்கு முன்னால் குந்தி இருந்து பார்ப்பார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் பற்றைக்குள் போய் விழுவார்கள். எத்தனையோ பேர் எல்லாவற்றையும் இழந்த அந்த வருடங்களைத்தான் தன்னுடைய நல்ல வருடங்கள் என்று தன் மனம் எடுத்து வைத்திருப்பதை அருந்ததி எவரிடமும் சொன்னதில்லை.

நாலு மணிக்குக் கோபிகாவின் ஸ்கூட்டி வாசல் படலையில் வந்து நின்றது. கொழும்புத்துறையிலிருந்து வெயிலுக்குள் வந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி.

“அன்ரி, நண்டு. அப்பா காலமை கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை எண்டு தெரியும், ஐஸ் போட்டிருக்கிறன், நாளைக்குச் சமையுங்கோ.”

“ஏன் பிள்ளை உனக்கு உந்தச் சிரமம்.”

“எனக்கென்ன சிரமம், அப்பாவுக்கும் நண்டுக்கும்தான் சிரமம்.”

அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கோபிகாவில் உள்ள கரைச்சல். நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றும்போது கணுக்காலைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகத் தழும்புகள் தெரிந்தன. மலையில் அட்டை கடித்தவை. அருந்ததி அவற்றைப் பார்த்தபடி வாளியை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோனாள். தன் காலில் நரம்பு புடைத்திருக்கிறது, பித்த வெடிப்பு இருக்கிறது. ஓர் அட்டைத் தழும்பு இல்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். இரண்டு தலைகளும் குனிந்தன. ஒன்று நரை, ஒன்று கறுப்பு.

“அன்ரி,” என்றாள் கோபிகா. “அங்கை நிக்கிற மாதிரியே நிக்குது அன்ரி.”

“சும்மாவே, என்ரை மனுசியெல்லோ,” என்றார் மார்க்கண்டு.

“ஒருக்கா ஒத்துப் பாப்பமோ சேர்?”

படத்தை ஒத்துப் பார்ப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. ஒருவர் எழுத்தை வாசிக்க வேண்டும், மற்றவர் படத்தில் அந்தந்த இடத்தில் விரல் வைத்து ‘ஓம்’ சொல்ல வேண்டும். இத்தனை காலமும் வாசித்தது அருந்ததி, விரல் வைத்தது மார்க்கண்டு. இன்றைக்குக் கோபிகா மடிக்கணினியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினாள். அருந்ததி தேத்தண்ணி போடப் போனாள். தண்ணீர் கொதிக்கிற சத்தத்துக்கு மேலால் காதை அங்கேயே வைத்திருந்தாள்.

“கணு, சற்றே வீங்கினது.”

“ஓம்.”

“கிளை, கணுவுக்கு மூண்டு, நடுக்கிளை நீளம்.”

“ஓம்.”

மூன்று கோப்பைகளையும் தட்டில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது கோபிகா மடலில் நின்றாள்.

“மடலின்ரை இடத்தோளிலை மட்டும் அஞ்சு தொடக்கம் ஏழு சுணை. வளைஞ்சது. வலத்தோள் வெறுமை.”

மார்க்கண்டுவின் சுட்டுவிரல் படத்தின் மேல் நகர்ந்து போய் இடத்தோளில் நின்றது. சுணை இல்லாத அந்த வெள்ளை இடத்தை விரல் நுனி மூடியது.

“ஓம்,” என்றார்.

கோபிகா எட்டிப் பார்த்தாள். தலையாட்டினாள். அடுத்ததை வாசித்தாள்.

அருந்ததி தட்டை மேசையின் மறு கரையில் வைத்தாள். இந்த நேரத்துக்காகத்தான் அவள் நேற்றிலிருந்து காத்திருந்தாள். வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கண் இல்லை என்பது விரல் வைத்துக் காட்டப்பட்டுவிட்டது. அவளுக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் பிடித்துவிடுவார்கள், “இதென்ன, சுணையை விட்டிட்டீர்,” என்று அவர் கத்துவார், “அப்ப அதை முதல் ஆர் கண்டது எண்டு இப்ப சொல்லுங்கோ,” என்று தான் திருப்பிக் கேட்கலாம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தாள் போல. அந்தச் சண்டைக்கான சொற்கள் எல்லாம் தொண்டையில் தயாராக நின்றன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

“அன்ரி, நீங்கள் உதை நிண்ட நிலையிலை பாக்கேல்லை என்ன?” கோபிகா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுப் போனை நீட்டினாள். “போன கிழமை எடுத்தது. பாருங்கோ.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கை அதற்குள் போனை வாங்கியிருந்தது.

முதலில் வெள்ளை மட்டும்தான். பிறகு முகில் கிழிந்து பச்சை தெரிந்தது. காற்று பெரிதாக அடித்தது. நூறு நூற்றைம்பது தண்டுகள் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன. அவளுடைய படத்தில் மூங்கில் நேராக நின்றது. அங்கே நேராக நிற்க அதற்கு நேரமே இல்லை. அடித்தண்டில் மடல்கள் அரைவாசி கழன்று படபடத்தன. இலை நுனியில் தண்ணீர் சேர்ந்து, பருத்து, விழுந்தது. படம் எடுத்தவளின் மூச்சு வாங்குவதும் கேட்டது. ஏறிய களைப்பு. அந்த மூச்சின் மேல்தான் அருந்ததிக்குப் பொறாமை வந்தது. ஆறு மாதம் இதை அணுஅணுவாகப் பார்த்தவள் அவள். இது ஆடும் என்று அவளுக்குத் தெரியாது.

காட்சி நகர்ந்தது. ஓரத்தில் ஒரு தண்டில் சிவப்பாக ஏதோ கட்டியிருந்தது.

“உதென்ன, பூவோ?”

“நாடா அன்ரி. மேலை விடுதி கட்டப் போகினம். பாதை வெட்டுற ஆக்கள் அளந்து கட்டினது. உந்த மூங்கில் மூண்டு திட்டுத்தான் இருக்கு, இதுதான் பெரிசு. பாதை இதுக்குள்ளாலைதான் போகுது.”

“மறிக்கேலாதோ?”

“பேர் இல்லாத செடிக்கு ஆர் மறிப்பினம் அன்ரி. காட்டு இலாகாவிலை கேட்டால், பழைய இனம் எண்டால் கீழை கனக்கக் கிடக்குத்தானே எண்டுறாங்கள். அச்சிலை பேர் வந்தால் அருகிப்போற செடி எண்டு பட்டியலிலை போடச் சொல்லிக் கேக்கலாம். பட்டியலிலை வந்தால் பாதையை விலத்தச் சொல்லலாம்.”

“எழுத்தும் படமும் ஒத்துவராமல் திருப்பி அனுப்பினால்?”

“ஏன் திருப்பி அனுப்பப் போறாங்கள்,” என்றார் மார்க்கண்டு. “இப்பதானே ஒத்துப் பாத்தனாங்கள்.”

“ஒரு கதைக்குக் கேட்கிறன்.”

“திருப்பினால் அடுத்த இதழ்தான் அன்ரி,” என்றாள் கோபிகா. “ஆறு மாசம் போகும்.”

“ஆறு மாசத்திலை பாதை?”

கோபிகா போனை வாங்கித் திரையை அணைத்தாள். கோப்பையில் மிச்சம் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தாள். “ஸ்கான் பண்ணுற கடை ஆறு மணிக்குப் பூட்டிப் போடுவான். நான் வெளிக்கிடுறன் சேர்,” என்று தோல் உறையைத் திறந்து படத்தின் அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்தாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரித்தான் தூக்கப் போனாள்.

அருந்ததி படத்தின் ஓரத்தில் கை வைத்தாள்.

“கொஞ்சம் பொறு பிள்ளை.”

லாச்சியைத் திறந்து மைப்போத்தலை எடுத்தாள். பேனையை எடுத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு யன்னல் பக்கமாக இருந்தாள்.

“கடைசி நேரத்திலை என்னப்பா? நல்லாத்தானே கிடக்கு,” என்றார் மார்க்கண்டு.

“அன்ரி எப்பவும் இப்பிடித்தானே சேர். ஒரு புள்ளி எண்டாலும் வைச்சுத்தான் விடுவா,” என்றாள் கோபிகா. குரலில் செல்லம் இருந்தது.

ஏழு சுணை. ஒவ்வொன்றும் ஒரு வளைவு. அழித்த பென்சில் தடம் கடதாசியில் இன்னும் பள்ளமாகக் கிடந்தது. அந்தத் தடத்தில் பேனை தானாகவே ஓடும். பத்து நிமிடம்கூட ஆகாது. கீறி, ஊதி, காய வைத்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் வேறேதோ புள்ளி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடை பூட்ட முன்னம் போய்ச் சேர்ந்துவிடும். மலையில் நாடா அவிழும். மூங்கில் ஆடும். விடுபட்டதென்று ஒன்று இருந்ததே எவருக்கும் தெரிய வராது, சுணையை முதல் கண்டது ஆர் என்று தெரியாதது போல.

அவள் பேனையை மையில் தோய்த்தாள். போத்தலின் விளிம்பில் ஒரு முறை வழித்தாள். நுனியில் ஒரு சின்னத் துளி நின்றது. அதை இடத்தோளின் வெள்ளைக்கு மேலே, தொடாமல், பிடித்தாள். வெளியே கோபிகாவின் ஸ்கூட்டியில் காகம் ஒன்று வந்து இருந்து கத்தியது. யன்னல் வெளிச்சம் மேசையில் பாதிக்கு வந்திருந்தது. பேனையை அங்கேயே வைத்துக்கொண்டு அருந்ததி தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கோ. பிள்ளை, நீயும் கிட்ட வா. வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ, நான் இதிலை என்னத்தைக் கீறாமல் விட்டனான்?”